நிற்கும்போது இறங்கும் பேட்டரி

மச்சானின் கார் தினமும் ஓடினால் ஒரு தொந்தரவும் கிடையாது. நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்டிக்டிக்' சத்தம் மட்டும்தான் வரும். கடையில் "பேட்டரி வீக்" என்று புதிது போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே 'டிக்டிக்'.

அந்தச் சத்தத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரின் தலையில் சொலினாய்டு என்றொரு மின்காந்தம் உண்டு. அது இழுபட்டு ஒரு கனமான செம்புத் தொடர்பை மூடினால்தான் மோட்டாருக்கு நூறு, இருநூறு ஆம்பியர் பாயும். இறங்கிப்போன பேட்டரியில் சொலினாய்டை இழுக்கத் தெம்பு இருக்கும்; மோட்டாரைச் சுற்ற இருக்காது. தொடர்பு மூடியதும் வோல்ட் சரியும், காந்தம் பிடியை விடும். விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். இதுதான் டிக்டிக். ஒரே ஒரு 'டக்' கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால் பேட்டரியை விட்டுவிட்டு செல்ஃப் மோட்டாரைப் பாருங்கள்.

மீட்டரை வைத்தேன்: 11.6 வோல்ட். முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பி, கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது 14.2. ஆக டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. வண்டி நிற்கும்போதுதான் யாரோ குடிக்கிறார்கள்.

கொஞ்சம் குடிப்பது நியாயமே. கடிகாரம், அலாரம், ரிமோட்டுக்குக் காத்திருக்கும் ரிசீவர், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். 50 என்றே வைத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாக இரண்டு வாரம் ஆகும். அதுவே டிக்கியில் அணையாத 5 வாட் பல்பு ஒன்று இருந்தால் நாளுக்குப் பத்து போய்விடும்.

சார்ஜ் ஏற்றிய பிறகு, மாலையில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் சொருகி வைத்தேன். பாசிட்டிவில் கை வைக்கக் கூடாது. வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவ் என்பதால் ஸ்பேனர் லேசாகப் பட்டாலே பொறி பறக்கும். மீட்டர் இருக்கும்போது சாவியையும் திருப்பக் கூடாது. திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போச்சு.

காட்டியது 2.9 ஆம்பியர்! பலர் இந்த இடத்தில்தான் பயந்து ஃபியூஸ்களைப் பிடுங்க ஆரம்பிப்பார்கள். உண்மையில் அது வண்டி விழித்திருப்பதன் கணக்கு. கதவைத் திறந்தாலே உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும், திரும்பத் தூங்க அரைமணி நேரம்கூட ஆகலாம். அதனால் டிரைவர் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடினேன். கதவு சாத்தியாகிவிட்டது என்று வண்டி நம்பிவிட்டது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு டீ குடித்தோம். 2.9 என்பது 0.9 ஆகி, 0.28-க்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. நாலு நாளுக்கு 27 ஆம்பியர்-மணி; 35-இல் 27 போனால் டிக்டிக் வராமல் என்ன செய்யும்?

எந்த ஃபியூஸ் வழியாகப் போகிறது? பிடுங்கிப் பார்ப்பதில் ஒரு சிக்கல்: திரும்பச் சொருகியதும் தூங்கியது எழுந்துவிடும், இன்னொரு அரைமணி காத்திருக்க வேண்டும். ஃபியூஸ் என்பதும் ஒரு மெல்லிய கம்பிதானே, அதற்கும் துளி மின்தடை உண்டு. மின்சாரம் ஓடினால் அதன் இரு முனைகளுக்கு நடுவே ஓரிரு மில்லிவோல்ட் விழும். ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகள் இதற்குத்தான். மீட்டரின் இரு முனைகளை ஒவ்வொரு ஃபியூஸிலும் அந்தப் புள்ளிகள் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். சுழி, சுழி, சுழி, ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸில் மட்டும் 2.1 மில்லிவோல்ட்.

"மச்சான், பாட்டு செட் எப்ப மாத்துனீங்க?"

"போன தீபாவளிக்கு."

செட்டை வெளியே இழுத்தால் விஷயம் அப்பட்டம். மஞ்சள் ஒயர் நினைவகத்துக்காக எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் பெற வேண்டியது. மாட்டியவர் இரண்டையும் முறுக்கி ஒரே டேப் சுற்றியிருந்தார். திரை அணைந்திருந்தாலும் செட் உள்ளே தூங்கவே இல்லை. சிவப்பைப் பிரித்து சாவி லைனில் கொடுத்தோம். அரைமணி கழித்து மீட்டரில் 0.03.

ஃபியூஸ் பெட்டியில் எதுவுமே காட்டவில்லை என்றால் டைனமோவின் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் கனமான ஒயர் இந்தப் பெட்டி வழியாக வருவதில்லை. டிக்கி விளக்கின் மேல் சந்தேகம் என்றால் போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் போதும்.

கடையில் "வீக்" என்று சொன்னது பொய்யில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, சில நொடிகள் அள்ளிக் கொடுப்பதற்காகச் செய்தவை. அடிமட்டம் வரை இறக்கி அப்படியே விட்டால் தகட்டில் ஈய சல்ஃபேட் படிகங்கள் பெருத்து இறுகிவிடும், சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. மச்சானின் புதுப் பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, மறுநாள் வரை ஓய்வில் விட்டுப் பார்த்தேன். 12.4-க்கு மேல் ஏறவில்லை.