வட்டு தூரம் போக, பாதத்தைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பள்ளிப் போட்டிகள் நெருங்கினால் வட்டு எறியும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி வரும்: "சார், பையனுக்குக் கையில பலம் பத்தல, தண்டால் எடுக்கச் சொல்லவா?" எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குறை பாதத்தில் இருக்கிறது.

வலக்கையால் எறிபவர் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பார். இடது முன்பாதத்தில் சுழன்று, எறியும் வட்டத்தின் நடுவுக்குப் பாய்ந்து, வலது முன்பாதத்தில் இறங்குவார். கோளாறு பெரும்பாலும் இங்கேதான். வலது குதிகால் தரையில் பதிந்தால் சுழற்சி அதோடு சரி. இடுப்பு திரும்பாது, மொத்த வேலையும் கையின் தலையில் விழும். குதிகாலைத் தூக்கியபடியே பாதம் திரும்பிக்கொண்டிருக்க, இடது கால் சட்டென்று முன்விளிம்பருகே ஊன்ற வேண்டும். முதலில் இடுப்பு, அப்புறம் நெஞ்சு, கடைசியில்தான் கை. கை பின்தங்கி வருவதைப் பார்த்து "வேகமா வீசுடா" என்று கத்தாதீர்கள். அது அப்படித்தான் வர வேண்டும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டால் பாதம் புதையும், சுழலாது. அவர்களும் குதித்தே பழகிவிடுகிறார்கள். 2.5 மீட்டர் விட்டத்தில் ஒரு சிமெண்ட் தளம் போதும். கொத்தனாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்மூர்க்காரர் ஆசையாக ஆத்தங்குடித் தரை மாதிரி வழவழவென்று தேய்த்துக் கொடுத்துவிடுவார்! லேசான சொரசொரப்பு வேண்டும்.

முழுச் சுழற்சிக்கு அவசரம் வேண்டாம். பழைய சைக்கிள் டயரைக் கையில் கொடுத்து, நின்ற இடத்திலிருந்து இடுப்பைத் திருப்பி எறியச் சொல்லுங்கள். அது சரியாக வந்த பிறகு அரைச் சுற்று. எடையிலும் கவனம் வேண்டும். 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பையன்களுக்கு 1.5 கிலோ, பெண்களுக்கு 1 கிலோ. 'பலம் வரும்' என்று ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் 2 கிலோ வட்டைக் கொடுத்தால் தோள்தான் வலிக்கும்.

ஆடிக் காற்றில் பையன்கள் காற்று போகும் பக்கமாகவே எறிவார்கள். வட்டுக்கு எதிர்க்காற்றுதான் உதவி, அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கும். லிதுவேனியாவின் மைக்கோலாஸ் அலெக்னா 2025 ஏப்ரலில் 75.56 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தது, காற்றுக்குப் பேர்போன ஓக்லஹோமா சமவெளியில். ஆனால் எதிர்க்காற்றில் வட்டின் முன்விளிம்பு மேலே தூக்கினால் அங்கேயே செங்குத்தாக நின்று விழுந்துவிடும். தாழ்த்தி விட வேண்டும்.

கம்பிவலை இல்லாத மைதானத்தில், முன்கூட்டி விட்ட வட்டு வலப்பக்கம் பறக்கும், பிந்தி விட்டது இடப்பக்கம். அதனால் வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கவாட்டில் நிற்கவே கூடாது, பின்னால் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். வட்டைப் பொறுக்கப் போன பிள்ளை அங்கிருந்து திருப்பி எறியாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வரட்டும்.