ஒரே முகமூடிக்குள் அகோனிஸ்டும் அன்டகோனிஸ்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த மெர்பாங்க் வட்டாரத்தில் ஆஸ்துமா என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடையே அந்நோய் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இன்ஹேலருக்கு அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களில் ‘பம்ப்’ என்றே பெயர். பம்புக்கும் அடங்காமல் இரவில் இழைப்பு முற்றிவிட்டால், மருத்துவமனையில் நெபுலைசர் முகமூடியை மாட்டுவார்கள். அதன் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் செவிலியர் பல வேளைகளில் இரண்டு மருந்துகளைச் சேர்த்தே ஊற்றுகிறார்: ஒன்று சால்பியூட்டமால், மற்றொன்று இப்ராட்ரோபியம். மருந்தியல் நூல்களின்படி முன்னது அகோனிஸ்ட், பின்னது அன்டகோனிஸ்ட். பெயரளவில் எதிரெதிரான இவ்விரண்டும் ஒரே புகையாகக் கலந்து உள்ளே போய், மூச்சுக்குழாயை விரிக்கும் ஒரே வேலையைச் செய்கின்றன. இது முரண்பாடு போலத் தோன்றுவதற்குக் காரணம், நாம் அன்டகோனிஸ்ட் என்றதும் நாடகத்து எதிரியை நினைத்துக்கொள்வதுதான்.

நாடகத்துக்கும் இச்சொல்லுக்கும் உள்ள உறவு பழையது. கிரேக்கர்களுக்கு ‘அகோன்’ என்றால் போட்டி. விளையாட்டுத் திடலில் நடப்பதும் அதுதான், மேடையில் இரு பாத்திரங்கள் வாதிடுவதும் அதுதான். இரண்டாம் நடிகரை எஸ்கிலஸும் மூன்றாம் நடிகரைச் சோஃபக்ளீஸும் மேடையேற்றியதாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். நடிகர்களுள் முதல்வருக்குப் புரோட்டகோனிஸ்ட் என்று பெயர். 1671-இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் தம் நாடகக் கவிதையில் விவிலிய வீரன் சாம்சனுக்கு ‘அகோனிஸ்டிஸ்’ என்ற அடைமொழியைச் சூட்டியபோது, களத்தில் போராடுபவன் என்ற பழைய பொருளையே மனத்தில் கொண்டார். இலக்கியத்தில் எதிர்ப்பவனும் ஒரு முழு ஆள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுவந்த தெருக்கூத்து, இன்று அங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று வழங்குகிறது. கூத்தில் பாரதக் கதை நடக்கும்போது துரியோதனன் சும்மா குறுக்கே நிற்பவன் அல்லன். அவனுக்கென்று ஒரு மானம், ஒரு வஞ்சம், ஒரு கதாயுதம் எல்லாம் உண்டு; பதினெட்டாம் நாள் பீமன் ஓங்கினால் அவனும் ஓங்குகிறான்.

உடலியலில் தசைகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் படம் பெருமளவு பொருந்துகிறது. தைப்பூசத்தன்று தரையில் இருக்கும் காவடியை ஒருவர் தோளுக்குத் தூக்குகிறார் என்று கொள்வோம். முழங்கையை மடக்குவது மேற்கையின் முன்புறத்திலுள்ள பைசெப்ஸும் அதன் அடியிலுள்ள பிரேக்கியாலிஸும். அந்த அசைவுக்கு அவை அகோனிஸ்ட். பின்புறத்திலுள்ள டிரைசெப்ஸ் முழங்கையை நீட்டக்கூடியது, ஆகவே அன்டகோனிஸ்ட். முன்தசை சுருங்கும்போது பின்தசை தளர்ந்து கொடுக்கிறது. இது தற்செயலாக நடப்பதன்று. முன்தசைக்கு உத்தரவு போகும்போதே, தண்டுவடத்திலுள்ள ஓர் இடைநரம்பணு பின்தசையின் நரம்பை அடக்கிவிடுகிறது. இந்தப் பரிமாற்ற அடக்கத்தை விரிவாக ஆராய்ந்த சார்ல்ஸ் ஷெரிங்டன், நரம்பணுக்களின் செயல்பாடு குறித்த கண்டுபிடிப்புகளுக்காக 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காவடியை மெல்லக் கீழே இறக்கும்போதுதான் விஷயம் சுவையாகிறது. இப்போது முழங்கை நீள்கிறது. ஆனால் நீட்டும் தசையான டிரைசெப்ஸ் அங்கே பெரிதாக உழைப்பதில்லை, அந்த வேலையைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்கிறது. பாரம் சட்டென்று விழாதபடி, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பது அதே பைசெப்ஸ்தான். தோளில் வைத்து ஆடாமல் நிறுத்தும்போது முன்தசையும் பின்தசையும் சேர்ந்தே இறுகுகின்றன. எனவே எந்தத் தசையின் மீதும் அகோனிஸ்ட் என்று நிரந்தரமாக முத்திரை குத்த முடியாது. எந்த அசைவைக் குறித்துப் பேசுகிறோம் என்று சொன்ன பிறகே அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு.

மருந்தியலுக்கு வந்தால் களமே வேறு. இங்கே போட்டி நடப்பது ஏற்பி எனப்படும் ஒரு புரத மூலக்கூறின் மேல். அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்குக் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905-இல் வந்த வழி மிக அழகானது. நிக்கோட்டினைக் கொடுத்தால் கோழியின் தசை சுருங்கியது; குராரே என்ற அம்பு நஞ்சைக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் நின்றது. தசைக்குச் செல்லும் நரம்பை முன்கூட்டியே அறுத்து, அதன் முனைகள் அழியும் வரை காத்திருந்து பார்த்தபோதும் நிக்கோட்டின் வேலை செய்தது. ஆகவே அது நரம்பைத் தூண்டவில்லை. குராரே ஊறிய தசையை மின்சாரத்தால் நேரடியாகத் தீண்டினால் அது சுருங்கியது. ஆகவே குராரே சுருங்கும் இயந்திரத்தைக் கெடுக்கவில்லை. இரண்டுக்கும் இடையே, இவ்விரு பொருள்களும் போட்டியிட்டுப் பற்றிக்கொள்ளும் ஏதோ ஒன்று தசையில் இருக்கிறது என்று லாங்லி முடிவு செய்தார்.

பற்றிக்கொள்வதும் தூண்டுவதும் வெவ்வேறு திறன்கள் என்பது இதிலிருந்து கிளைத்த கருத்து. 1956-இல் மருந்தியலாளர் ஸ்டீபன்சன் அதைத் தெளிவாக வகுத்தார். ஏற்பியைப் பற்றி, அதைச் செயலுக்குத் தூண்டுவது அகோனிஸ்ட். பற்றிக்கொண்டு, எதையும் தூண்டாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்வது அன்டகோனிஸ்ட். டிரைசெப்ஸைப் போல இது எதிர்த்திசையில் இழுப்பதில்லை. துரியோதனனைப் போலக் கதாயுதத்தை ஓங்குவதும் இல்லை. அகோனிஸ்ட் வராத நேரத்தில் அது இருப்பதே தெரியாது. மருந்துகளைப் பற்றிய பொதுப் பேச்சில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி, இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது என்பது என் எண்ணம்.

இனி முகமூடிக்குள் நடப்பதைப் பார்க்கலாம். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசையின் செல்களில் பீட்டா-2 ஏற்பி உண்டு. சால்பியூட்டமால் அதைப் பற்றியதும், ஏற்பியின் உட்புறம் வடிவம் மாறி செய்தியை உள்ளே கடத்தும் ஒரு ஜி-புரதத்தைத் தட்டியெழுப்புகிறது, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது, சுருங்குவதற்கு வேண்டிய நொதி முடங்குகிறது, தசை தளர்கிறது. சில நிமிடங்களில் மூச்சு எளிதாகி, நான்கு முதல் ஆறு மணி நேரம் நிலைக்கிறது. எலும்புத் தசைகளிலும் அதே ஏற்பி இருப்பதால் கைவிரல் நடுங்குகிறது. நெஞ்சு படபடப்பதும் இதன் பக்கவிளைவே. மறுபக்கம், மூளையிலிருந்து நுரையீரலுக்கு வரும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, மஸ்கரினிக் என்ற வேறோர் ஏற்பியின் வழியாக அதே தசையைச் சுருங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இப்ராட்ரோபியம் அந்த ஏற்பியை அடைத்துவிடுகிறது. தளர்த்தும் உத்தரவைத் தருவது முதல் மருந்து, சுருக்கும் உத்தரவைக் காதில் விழாமல் செய்வது இரண்டாவது. அவை அகோனிஸ்ட், அன்டகோனிஸ்ட் என்பது உண்மை. ஆனால் ஒன்றுக்கொன்று அல்ல.

இதற்கு நேர்மாறாக, இரண்டு அகோனிஸ்டுகள் மல்லுக்கட்டுவதும் உண்டு. தேனீ கொட்டி ஒவ்வாமை கடுமையானால், உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் தன் ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழாயை இறுக்குகிறது. ஊசியில் ஏற்றப்படும் அட்ரினலின் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி அதை விரிக்கிறது. முன்தசை, பின்தசை இழுபறிக்கு மருந்தியலில் மிக நெருங்கியது இதுவே.

அகோனிஸ்டுகளிலும் முழுமையானவை, அரைகுறையானவை உண்டு. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ‘சுகர்ஸ்’ என்ற பெயரில் பரவிப் பல குடும்பங்களைக் குலைத்த மட்டரக ஹெராயின் கலவையை எடுத்துக்கொள்வோம். ஹெராயின் உடலில் மார்ஃபினாக மாறி, அபின் வகைப் பொருள்கள் பற்றும் ஓபியாய்டு ஏற்பியை வலுவாகத் தூண்டுகிறது. சிகிச்சையில் பயன்படும் பியூப்ரெனார்ஃபின் அதே ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டு, ஓரளவு மட்டுமே தூண்டுகிறது. போதைப்பொருள் விலகிய உடலில் அது வேதனையைத் தணிக்கும் அகோனிஸ்டாக இருக்கிறது. ஹெராயின் இன்னும் உடலில் நிறைந்திருக்கும்போது கொடுத்தாலோ, அதை இடம்பெயர்த்துத் தூண்டலைக் குறைத்து, விலகல் வேதனையைத் திடீரென்று கிளப்பிவிடுகிறது. அதனால்தான் முதல் வேளை மருந்துக்கு நோயாளியைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். மூலக்கூறு ஒன்றுதான், சூழலைப் பொறுத்து அதன் பாத்திரம் மாறுகிறது. சால்பியூட்டமாலும் உண்மையில் ஒரு பகுதி அகோனிஸ்டே. மூச்சுக்குழாய்த் தசையில் ஏற்பிகள் தேவைக்கு மிஞ்சி இருப்பதால் அந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

பூட்டும் சாவியும் என்று பாடநூல்கள் சொல்லும் உவமை தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. ஏற்பி சாவிக்காக அசையாமல் காத்திருக்கும் பூட்டு அன்று. அது செயலற்ற வடிவத்துக்கும் செயல்படும் வடிவத்துக்கும் இடையே தானாகவே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அகோனிஸ்ட் அந்த ஊசலைச் செயல்படும் பக்கம் சாய்க்கிறது. செயலற்ற பக்கம் சாய்த்து, ஏற்பி தானாகச் செய்துகொண்டிருந்த சிறிதளவு வேலையையும் நிறுத்துபவை எதிர்மறை அகோனிஸ்டுகள். ஓபியாய்டு ஏற்பியில் அத்தகைய பொருள்களை 1989-இல் கோஸ்டாவும் ஹெர்ட்ஸும் காட்டினார்கள். தும்மலுக்கு நாம் விழுங்கும் செட்ரிசின் முதலிய பல ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகளும் இந்த வகையே என்பது பின்னர் தெரியவந்தது. பீட்டா-2 ஏற்பி செயல்படும் வடிவத்தில் ஜி-புரதத்தோடு பிணைந்திருக்கும் காட்சியைப் பிரையன் கோபில்காவின் குழு 2011-இல் படிகமாக்கிப் படம்பிடித்தது. அடுத்த ஆண்டு அவரும் ராபர்ட் லெஃப்கோவிட்சும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

அன்டகோனிஸ்ட் எதிர்த்து இழுப்பதில்லை என்பதால் அது தீங்கற்றது என்று கொள்ளக் கூடாது. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய், உடலே சுரக்கும் அட்ரினலினின் தயவில் திறந்திருக்கக்கூடும். அதன் இருக்கையை அடைத்தால் இழைப்பு கிளம்பும். கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் டிமோலால் சொட்டு மருந்து பீட்டா ஏற்பிகளின் அன்டகோனிஸ்ட். கண்ணில் விட்ட ஒரு சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியே மூக்கில் இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலின் பீட்டா-2 ஏற்பிகளை அடைக்கப் போதுமானது. வீட்டில் பம்ப் வைத்திருப்பவர் கண் மருத்துவரிடம் போகும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.