ரசம் பொங்கினால் அடுப்பு ஏன் மஞ்சளாகிறது?

நுரை கட்டியதும் இறக்க வேண்டிய ரசத்தை மறந்துவிட்டால் அது பொங்கி அடுப்பில் வழியும். நீலமாக எரிந்த கேஸ் அப்போது சட்டென்று மஞ்சளாக மாறும். மஞ்சள்தூள்தான் காரணம் என்று தோன்றும். இல்லை, உப்பு. வெறும் உப்புத் தண்ணீரைத் தெளித்தாலும் அதே மஞ்சள்தான்.

உப்பில் இருப்பது சோடியம். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் படிக்கட்டு மாதிரியான ஆற்றல் நிலைகளில்தான் இருக்க முடியும். இரண்டு படிக்கு நடுவே நிற்க இடமில்லை. தீயின் சூடு சோடியத்தின் வெளி எலக்ட்ரானை ஒரு படி மேலே ஏற்றிவிடும். அங்கே அது தங்குவது ஒரு நொடியில் சுமார் 6 கோடியில் ஒரு பங்கு நேரம். இறங்கும்போது, ஏறுவதற்கு வாங்கிய ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிடுகிறது. படியின் உயரம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. படி உயர்ந்தால் ஒளியின் அலைநீளம் குறையும். சோடியத்துக்கு அந்த அலைநீளம் 589 நானோமீட்டர், நம் கண்ணுக்கு மஞ்சள். லித்தியத்தின் படி தாழ்வானது, அதனால் சிவப்பு.

சரி, எல்லா உலோகமும் ஏன் இப்படி நிறம் காட்டுவதில்லை? மெக்னீசியத்தின் முக்கியமான படி ரொம்ப உயரம். கேஸ் அடுப்பின் சூட்டில் ஏறுவதே கஷ்டம். ஏறி இறங்கினாலும் வருவது 285 நானோமீட்டர் புறஊதா, கண்ணுக்குத் தெரியாது.

சோடியம் கொஞ்சம் அடாவடி ஆசாமி. துளி கலந்தாலே மற்ற நிறங்களை அமுக்கிவிடும். பொட்டாசியத்தின் மங்கலான ஊதாவைப் பார்க்க ஆய்வகத்தில் நீல நிற கோபால்ட் கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடிப்பது இதற்காகத்தான். அது மஞ்சளை வடிகட்டிவிடும். ஜெர்மனியில் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் வேறு வழி கண்டார்கள். சுடரின் ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தினால் ஒவ்வொரு தனிமத்தின் நிறக் கோடும் தனித்தனியே விழும். 1860இல் ஓர் ஊற்று நீரின் உப்பில் யாரும் அறியாத இரண்டு நீலக் கோடுகளைக் கண்டார்கள். அப்படிக் கிடைத்த புதிய தனிமம்தான் சீசியம்.

தீபாவளி வாணத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம். நல்ல நீலம்தான் அபூர்வம். அதைத் தருவது தாமிரமும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு. சூடு குறைந்தால் வெளிச்சம் போதாது, கூடினால் மூலக்கூறே உடைந்து நிறம் போய்விடும். வாணத்தின் மருந்தில் சோடியம் கொஞ்சம் கலந்திருந்தாலோ, அடுப்பில் வழிந்த ரசத்தின் கதைதான்.