ஹாலோவீன் ட்ரிவியா: தமிழில் என்ன சொல்வது?

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் முதியோர் மையங்களில் ஒரு தாள் சுற்றுக்கு வந்துவிடும். தலைப்பு ‘ஹாலோவீன் ட்ரிவியா’. பத்து இருபது கேள்விகள் இருக்கும். ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பதில் சொல்வார்கள், மூளைக்குப் பயிற்சி என்று. இதைத் தமிழாக்கச் சொன்னால் ‘பேய்த் திருவிழா அற்பத் தகவல்கள்’ என்று சட்டென்று எழுதிவிடத் தோன்றும். அதில் முன்பாதியும் தப்பு, பின்பாதியும் தப்பு.

முதலில் ஹாலோவீன். ‘ஹாலோ’ என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர், ‘ஈன்’ என்பது மாலைக்கான சொல்லை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாய்க்குள் சுருக்கிக்கொண்டது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா, அதற்கு முந்தின மாலைதான் இது. அடுத்த நாள் நவம்பர் 2, நம்மூர்க் கத்தோலிக்கர்கள் மெழுகுவத்தியும் பூவுமாகப் போகும் கல்லறைத் திருநாள். ஆக சொல்லுக்குள் பேய் கிடையாது. நேர்த் தமிழ் வேண்டுமென்றால் ‘புனிதர் திருநாள் முன்மாலை’ எனலாம், கோயில் வழக்கில் ‘திருவிழிப்பு’ என்ற அழகான சொல்லும் இருக்கிறது. ஆனால் முகமூடியும் மிட்டாயுமாக வீடுவீடாகப் போகும் இன்றைய கொண்டாட்டத்துக்கு அதை வைத்தால் பொருந்தாது, ஹாலோவீன் என்றே விட்டுவிடுவது மேல்.

அப்படியானால் பேய் எங்கிருந்து வந்தது? அயர்லாந்தின் சவின் நாளிலிருந்து என்பார்கள். (எழுதும்போது நடுவில் ம-வும் ஹ-வும் இருக்கும், வாயில் வருவது சவின்தான்.) அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்கு மலைமேல் ஏற்றிவிட்ட மாடுகளைக் கீழே ஓட்டி வந்து, ஆண்டின் இருட்டுப் பாதி தொடங்கும் நாள், அன்றைக்கு இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே கதவு திறந்து கிடக்கும் என்று நம்பினார்கள். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே இன்றும் அந்தப் பெயர்தான். அந்த நாளைப் பார்த்துத்தான் திருச்சபை நவம்பர் 1-ஐத் தேர்ந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

அப்புறம், காயைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே ஏற்றிவைக்கும் அந்த விளக்கு, ஜாக்-ஓ-லாண்டர்ன். இதைப் ‘பூசணி விளக்கு’ என்று எழுதினால் நம்மில் பலருக்கு வெள்ளைப் பூசணிதான் கண்ணில் வரும். இது பரங்கிக்காய். அமெரிக்கக் கண்டத்துக் காய், கடல் தாண்டி வந்ததால்தான் நம்மிடம் பரங்கியர் பெயரையும் ஒட்டிக்கொண்டது. அயர்லாந்தில் முதலில் குடைந்தது பரங்கிக்காயை அல்ல, டர்னிப் கிழங்கை. மேயோ மாவட்டத்தில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு டர்னிப் முகத்தின் வார்ப்பு இருக்கிறது, சுருங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு, சிரிக்கும் பரங்கிக்காயைவிடப் பல மடங்கு பயமுறுத்தும். புலம்பெயர்ந்த ஐரிஷ்காரர்களுக்கு அமெரிக்காவில் பெரிதாக, உள்ளே வழிக்க எளிதாகக் கிடைத்தது பரங்கி.

இந்தப் பெயருக்கு விளக்கு என்பதற்கு முன்பே வேறொரு பொருள் இருந்தது. சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கி ஆளை வழிதவறச் செய்யும் வெளிச்சத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். அதற்கு நம்மிடம் சொல் ஏற்கெனவே உண்டு: கொள்ளிவாய்ப் பிசாசு. ஐரிஷ் கதையில் வரும் ஜாக் சாத்தானையே ஏமாற்றியவன், செத்த பிறகு சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. கையில் கிடைத்த ஒரு கொள்ளியை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு அலைகிறான். இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடிப் போகவே வேண்டாம்.

சரி, ட்ரிவியா. லத்தீனில் ‘ட்ரி’ மூன்று, ‘வியா’ வழி. மூன்று வழி கூடுமிடம், அதாவது அச்சு அசலாக நம் முச்சந்தி. முச்சந்தியில் கிடைப்பது யாருக்கும் கிடைக்கக்கூடிய சாதாரணச் சரக்கு, அதிலிருந்துதான் ‘அற்பம்’ என்ற பொருள் வளர்ந்தது. பொது அறிவுக் கேள்வி விளையாட்டுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது ரொம்பப் பிந்தி, 1960-களில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் இதை ஒரு பொழுதுபோக்காகப் பரப்பிய பிறகு. ஒன்று கேளுங்கள், ரோமர்களிடம் ட்ரிவியா என்ற பெயரில் ஒரு தெய்வமே உண்டு. முச்சந்திக்கும் இரவுக்கும் பேய்க்கும் மாந்திரீகத்துக்கும் உரிய ஹெகட்டேயை அப்படி அழைத்தார்கள். திருஷ்டி கழித்ததை முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக ‘ஹாலோவீன் ட்ரிவியா’வில் பேய் இருப்பது முதல் சொல்லில் அல்ல, இரண்டாவதில்!

தமிழில் இதற்குத் ‘துணுக்கு’ போதும். வார இதழில் பக்க மூலையை அடைக்கப் போட்டாலும் முதலில் கண் போவது அதன்மேல்தானே. கேள்வியாக வந்தால் ‘துணுக்கு வினா’. ‘வினாடி வினா’ என்று மட்டும் வேண்டாம், குறிப்பாகப் பெரியவர்களுக்கு. வயது ஏற ஏற மந்தமாவது மூளையின் வேகம், சேர்த்து வைத்த சொல்லும் தகவலும் நெடுநாள் நிற்கும், பெயர்கள்தான் நாக்கு நுனிவரை வந்து அடம்பிடிக்கும். அப்படிப்பட்டவரிடம் வினாடியை எண்ணிக்கொண்டு நிற்பது பயிற்சி இல்லை, தொந்தரவு.

பயிற்சி என்ற சொல்லையும் கொஞ்சம் அளந்துதான் போட வேண்டும். அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான 2,832 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2002-இல் வந்தது. எந்தத் திறனுக்குப் பயிற்சி கொடுத்தார்களோ அதில்தான் முன்னேற்றம், ஒன்றில் பழகியது மற்றதற்குத் தாவவில்லை. எனவே துணுக்கு வினா மறதி நோயைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் ‘சின்ன வயசில் உங்களுக்கு வாசலில் என்ன கொடுத்தார்கள்?’ என்று ஒரு கேள்வியை நடுவில் செருகிப் பாருங்கள். அங்கே போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947-வரை நீடித்தது. அதைச் சிறுவயதில் பார்த்தவர் ஆப்பிள் என்பார், பாகில் உருட்டிய சோளப்பொரி உருண்டை என்பார், பக்கத்தில் இருப்பவர் இல்லை காசு என்பார், தாளில் மீதிக் கேள்விகள் அப்படியே கிடக்கும். 1926 அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட்டில் இறந்த மாயவித்தைக்காரர் யார் என்பதற்கு அப்போது யாருக்கும் பெயர் வராது. காபி வந்து, பேச்சு வேறெங்கோ போன பிறகு, மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: ‘ஹூடினி!’