ஹேமக்கில் முதுகு ஏன் குளிர்கிறது? ஃபோம் பாயைப் பொருத்தும் முறை

இரு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையான ஹேமக்கில் முதல்முறை இரவைக் கழிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேல்பக்கக் குளிருக்கு மட்டுமே தயாராகிறார்கள். தடித்த ஸ்லீப்பிங் பேக், கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி காலுறை என எல்லாம் பையில் இருக்கும். முதுகுக்குக் கீழே இருப்பதோ ஒரு மெல்லிய நைலான் துணி. நள்ளிரவு தாண்டியதும் இடுப்பும் தோளும் சில்லிட்டு விழிப்புத் தட்டும். மேலே இன்னொரு போர்வையை இழுத்துப் போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது, ஏனென்றால் சூடு வெளியேறும் வழி கீழே திறந்தே கிடக்கிறது.

ஸ்லீப்பிங் பேக்கில் நம்மைக் காப்பது இறகுகளுக்கும் இழைகளுக்கும் நடுவே அசையாமல் தங்கி நிற்கும் காற்று. உடல் எடை அழுத்தும் இடத்தில் அந்தக் காற்று பிதுங்கி வெளியேறிவிடும். மிஞ்சுவது நசுங்கிய துணி. தரையில் படுத்தால் அடியில் காற்று ஓடாது. ஹேமக்கிலோ நசுங்கிய அந்தப் பகுதிக்கு அடியில் இரவு முழுக்கக் காற்று உரசிக்கொண்டு போய், சூட்டையும் அள்ளிச் செல்லும். அதனால்தான் வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் இரவிலேயே பலருக்கு ஹேமக்கில் முதுகு குளிர்கிறது. கூடாரத்தில் அதே வெப்பநிலையில் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு மலிவான, உறுதியான மருந்து ஃபோம் பாய். ஆனால் ஹேமக்கில் பாயை விரித்தும் குளிரில் நடுங்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் அடுத்த முறை இன்னும் தடித்த பாயைத் தேடிப் போகிறார்கள். குறை தடிமனில் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது அகலத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஃபோமின் வகை. வேண்டியது குளோஸ்டு செல் ஃபோம், அதாவது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கும் வகை. பாலிஎத்திலீன் அல்லது இவிஏ பாய்கள் இப்படிப்பட்டவை. சந்தேகம் இருந்தால் ஒரு மூலையைத் தண்ணீருக்குள் வைத்து அழுத்திவிட்டு விடுங்கள். தண்ணீரை உறிஞ்சினால் அது மெத்தைக்கான ஓப்பன் செல் ஃபோம்; ஹேமக்குக்கு ஆகாது. 1 செ.மீ. தடிமனுள்ள நல்ல ஃபோமின் ஆர் மதிப்பு (சூடு கடப்பதை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு; கூடினால் நல்லது) ஏறக்குறைய 1.4 முதல் 1.5 வரை இருக்கும். இரண்டை அடுக்கினால் மதிப்புகள் அப்படியே கூடும். யோகா பாயைக் கொண்டு வருபவர்கள் உண்டு. அது வழுக்காமல் நிற்கச் செய்த பொருள், எடை அதிகம், சூடு காப்பது குறைவு. வெள்ளி நிறக் குமிழ்த் தாளும் அப்படித்தான். பளபளப்பான பரப்பு சூட்டைத் திருப்பி அனுப்ப அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். முதுகோடு ஒட்டிக் கிடக்கும்போது அந்த இடைவெளி ஏது?

எங்கள் அனுபவக் கணக்கு இது: தோள்வரை மூடும்படி பொருத்திய 1 செ.மீ. பாய் சுமார் 12 டிகிரி வரை போதும். 5 டிகிரியை நெருங்கினால் முண்டப் பகுதிக்கு இரண்டு அடுக்கு வேண்டும். உறைநிலைக்குக் கீழே வெறும் ஃபோமை நம்பி, பழக்கமில்லாதவரை ஹேமக்கில் படுக்க வைக்க மாட்டோம். உடலுக்கு உடல் இது மாறும். மெலிந்தவர்கள், களைத்தவர்கள், சாப்பிடாமல் படுப்பவர்கள் சீக்கிரமே குளிர்ந்துவிடுவார்கள்.

அகலம்தான் வேலையின் பெரும்பகுதி

வழக்கமான பாய் 51 செ.மீ. அகலம், 183 செ.மீ. நீளம். தட்டையான தரைக்கு இது சரி. ஹேமக் துணியோ உடலைச் சுற்றி மடிந்து, தோள்களையும் கைகளையும் இரு பக்கத்திலிருந்தும் நெருக்கும். அந்த இடங்களில் ஸ்லீப்பிங் பேக் நசுங்கும், பாயும் எட்டாது. முதலில் சில்லிடுவது அங்கேதான்.

அகலமான பாய் கிடைக்காவிட்டால் இரண்டாவது பாய் ஒன்றை வெட்டிச் சிறகு செய்யலாம். அதன் நீளத்தை 100 செ.மீ. ஒரு துண்டு, 83 செ.மீ. ஒரு துண்டு எனக் குறுக்கே வெட்டுங்கள். பெரிய துண்டைத் தோள்பட்டையிலிருந்து இடுப்பின் மேல்பகுதி வரைக்கும் குறுக்காக வையுங்கள். பக்கத்துக்கு 24 செ.மீ.க்குச் சற்று அதிகமாக நீட்டிக்கொண்டு நிற்கும். சிறிய துண்டை அதற்குக் கீழே, தொடையின் நடுப்பகுதி வரை வருமாறு குறுக்காக வையுங்கள்; இதில் பக்கத்துக்கு 16 செ.மீ. கிடைக்கும். இரண்டுமே முழுப் பாய்க்கு அடியில், அதாவது துணிக்கும் பாய்க்கும் நடுவில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் விளிம்பு விலாவில் உறுத்தும். தோளிலிருந்து தொடை வரை இரண்டு அடுக்கு தானாகவே கிடைத்துவிடுவது கூடுதல் லாபம்.

துண்டுகளை டேப்பால் ஒட்டினால் பாலிஎத்திலீனில் நெடுநாள் பிடிக்காது. விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே துளையிட்டு 3 மி.மீ. எலாஸ்டிக் கயிற்றைத் தளர்வாகக் கோத்துக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் துளை கிழியும். அதோடு பாய் வளைய முடியாமல் விறைத்து நிற்கும். வெட்டிய துண்டுகளின் மூலைகளை 8 முதல் 10 செ.மீ. ஆரத்தில் வட்டமாக நறுக்கிவிடுங்கள். கூரான மூலை ஹேமக் துணியைக் குத்தித் தூக்கும், இடைவெளி உண்டாகும், காற்று புகும். முழுப் பாயின் கால்பக்கத்தையும் 35 செ.மீ. அகலத்துக்குக் குறுக்கிவிட்டால் அங்கே துணி மடிந்து கெண்டைக்காலை உறுத்துவது குறையும்.

தடித்த ஒரே பாயைவிட மெல்லிய இரண்டு பாய்கள் ஹேமக்குக்கு ஏற்றவை. வளையாமல் எதிர்க்கும் விறைப்பு தடிமனின் கனத்தை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது, அதாவது தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும்; ஒட்டாத இரண்டு 6 மி.மீ. பாய்கள் ஒரு 12 மி.மீ. பாயின் கால் பங்கு விறைப்போடுதான் இருக்கும். சூடு காப்பதோ ஒன்றேதான்.

நழுவாமல் இருக்க

இரட்டை அடுக்குத் துணியுள்ள ஹேமக் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது: இரண்டு துணிகளுக்கும் நடுவே பாயைச் செருகினால் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். ஒற்றை அடுக்கில் பாய் இரவெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும். அடிப்பக்கத்தில் சிலிகான் பசையை மெல்லிய கோடுகளாக இழுத்து உலரவிட்டால் பிடிப்புக் கிடைக்கும். பாயை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே செருகுவதும் நல்ல வழிதான், ஆனால் அகலமான செவ்வகப் பையில் மட்டும். உடலோடு ஒட்டிய குறுகலான பையில் செருகினால் தோளருகே இறகு நசுங்கிப் புதிய குளிர் தொடங்கும்.

நழுவுவதற்கு முக்கியக் காரணம் கட்டிய விதம். கால்பக்கத்தைத் தலைப்பக்கத்தைவிட 20 செ.மீ. போல உயர்த்திக் கட்டினால் உடல் கீழ்நோக்கிச் சறுக்காது, பாயும் அதோடு போகாது. இருபுறத் தொங்குகயிறும் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கட்டும்; 3.3 மீட்டர் ஹேமக்கில் முனைக்கு முனை சுமார் 2.75 மீட்டர் வரும். படுப்பது குறுக்காகச் சாய்ந்து என்றால் பாயும் அதே சாய்வில் கிடக்க வேண்டும். பாய் நேராகவும் ஆள் சாய்வாகவும் கிடந்தால் ஒரு தோளும் எதிர்ப்பக்கக் குதிகாலும் வெறும் துணியில் இருக்கும். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை.

ஏறும்போது பாயின் நடுவில் உட்கார்ந்து, இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்தபடி காலைத் தூக்கி வையுங்கள். கால் மணி நேரம் படுத்தபின், கூட இருப்பவரை ஹேமக்கின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கைக்கு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அங்கேதான் உங்கள் சூடு கசிகிறது. இருட்டும் முன் செய்தால் திருத்த நேரம் இருக்கும்.

காலையில் பாயின் மேல்பரப்பு நனைந்திருந்தால் மழை புகுந்ததாக நினைக்க வேண்டாம். ஃபோம் வழியாக ஆவி போகாது. வியர்வை அங்கேயே குளிர்ந்து நீராகிறது. மெல்லிய ஃப்ளீஸ் துணி ஒன்றை இடையில் விரித்தால் ஈரம் உடலில் ஒட்டாது. பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறகு நிரப்பிய பையாக இருந்தால் காலையில் காற்றோட்டத்தில் விரித்து உலர்த்தியே ஆக வேண்டும்.

ஹேமக்குக்கு மேலே கட்டும் தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டுங்கள். படுத்தபடியே அடுப்பு பற்ற வைக்காதீர்கள். ஃபோமும் நைலானும் உருகி எரியக்கூடியவை. மது குடித்தால் சூடாவதுபோலத் தோன்றும், உண்மையில் தோல்வழியே சூடு வேகமாக வெளியேறும்.

கூட வந்தவர் விடாமல் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, முடிச்சைக்கூட அவிழ்க்க முடியவில்லை என்றால் அது தூக்கக் கலக்கம் இல்லை, ஹைப்போதெர்மியா. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது. உடனே கீழே இறக்கி, காற்றுப் படாத இடத்தில் ஃபோம் பாயைத் தரையில் விரித்துப் படுக்க வையுங்கள். ஈர உடையை மாற்றுங்கள். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். உடல் சூடாகாமலே நடுக்கம் நின்றால் நிலைமை மோசமாகிறது. மருத்துவ உதவியை அழையுங்கள்.

துணிக்கு அடியில் நசுங்காமல் தொங்கும் தடித்த போர்வையான அண்டர்க்வில்ட் ஃபோமைவிடச் சொகுசானது, சந்தேகமில்லை. விலை பல மடங்கு, தரையில் படுக்க நேர்ந்தால் பயன்படாது. காற்றடைத்த பாயை முழுதாக ஊதினால் படகுபோல ஆடிக் கவிழ்க்கப் பார்க்கும். பாதிக்குச் சற்று மேலே ஊதினால் போதும்.

ஃபோமும் தேயும். இடுப்பு அழுத்திய இடத்தில் 1 செ.மீ. பாய் 7 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் அதை முழுப் பாயாக வைத்துக்கொள்ள வேண்டாம். தேயாத தலை, கால் பகுதிகளை வெட்டிக் காலடிக்கு ஒரு துண்டும் உட்கார ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளலாம்.