பழைய வோல்வோவின் கடைசி இருக்கையில் பிள்ளைகளை ஏற்றும் முன்

"வோல்வோதானே, டாங்கி மாதிரி. ஒன்றும் ஆகாது." இந்த வசனத்தோடு ஸ்வீடனில் ஒர்க்‌ஷாப்புக்குள் வருகிற 245களை (வோல்வோ 240 வரிசையின் வேகன், டிக்கி நீண்ட குடும்பக் கார்) லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று பார்த்தால் பேச்சு வருவதில்லை. இந்தக் கோடையிலும் ஒன்று வந்தது. வெளியே மெழுகு தேய்த்த பளபளப்பு. உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கினால் தரைத் தகடு அப்பளமாக நொறுங்குகிறது. டிக்கியில் பின்பக்கம் பார்த்த மடிப்பு இருக்கை, அதில் பிள்ளைகளின் பொம்மைகள். போதும், எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த 'டாங்கி' கதை. பழைய வோல்வோ பாதுகாப்பானது, ஏனென்றால் இரும்பு கெட்டி. எத்தனை முறை மறுத்தாலும் இந்த நம்பிக்கை சாவதில்லை. 1974-ல் வந்த 240 வரிசைக்கு முன்னோடி, வோல்வோ 1972-ல் காட்டிய ஒரு பரிசோதனைக் கார். அதன் யோசனை கெட்டியான இரும்புக்கு நேர் எதிரானது. மூக்கும் வாலும் நசுங்க வேண்டும், நடுவில் இருக்கிற கூண்டு நசுங்கக் கூடாது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 1976-ல் 240 கார்களை வாங்கி மோதிப் பார்த்து ஒப்பீட்டு அளவுகோலாக வைத்துக்கொண்டதும் இதற்காகத்தான், தகட்டின் தடிமனுக்காக அல்ல. மோதலின் விசை முன் சட்டங்கள் வழியாகக் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளுக்கும் தரைக்கும் போய்ச் சேர வேண்டும். சில் துருப்பிடித்து, முன்சட்டம் மட்டும் நன்றாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். மூக்கு நிற்கும், கூண்டு மடங்கும். துருப்பிடித்த 'பாதுகாப்பான கார்' சாதாரண பழைய காரைவிட மேலானது அல்ல, அவ்வளவுதான்.

துருவே இல்லாத 240 கூட 1974-ன் அறிவுதான். பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கிடையாது. பக்கவாட்டில் மோதினால் தாங்குவதற்கான சட்டக அமைப்பை வோல்வோ கொண்டுவந்தது 1991-ல். அதற்கு முந்தைய வண்டியை அதற்குத் தக்கபடி ஓட்டுங்கள்.

ஸ்வீடனில் கட்டாய வாகனப் பரிசோதனை 1965-ல் தொடங்கியது. இந்த நாட்டுக் கார்கள் இத்தனை காலம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 50 வயதைத் தாண்டிய கார்களுக்கு இப்போது அந்தப் பரிசோதனை இல்லை. வோல்வோவின் பழைய வேகன்களின் பட்டியலைப் பாருங்கள். 1953-ல் வந்து 1969 வரை தயாரிப்பில் இருந்த டூயெட், 1962-ல் வந்த அமேசான் வேகன், 1974-ல் தயாரிப்பு முடிந்த 145 (140 வரிசையின் வேகன்) எல்லாமே விலக்குக்குள் வந்துவிட்டன. முதல் 245களும் வந்துகொண்டிருக்கின்றன. விலக்கு கொடுத்தது அரசு, துரு அல்ல. யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே வருடத்துக்கு ஒருமுறை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? டூயெட்டுக்குத் தனிச் சேஸி உண்டு. உடலை விட்டுவிட்டு அந்தச் சட்டங்களைத் தட்டிப் பாருங்கள், பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தில் குறிப்பாக. அமேசான் வேகனில் மேலும் கீழுமாகத் திறக்கும் இரண்டு துண்டுப் பின்கதவு. கீழ்த்துண்டின் அடி விளிம்பில் தண்ணீர் தேங்கும். 145, 245 இரண்டிலும் சில், ஜாக்கி வைக்கும் இடம், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், பின் பக்கக் கண்ணாடி ரப்பரின் ஓரம், டிக்கித் தரையின் இரு பக்கக் குழிகள், பின்கதவின் அடி. மொட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள், தயங்காமல் அழுத்துங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

முன்கண்ணாடி மூலை ஒழுகினால் அது துருவோடு நிற்காது. 240-ன் ஃபியூஸ் பெட்டி ஓட்டுநர் பக்கத்தில், கால் வைக்கும் இடத்தின் ஓரச் சுவரில் இருக்கிறது. ஒழுகும் தண்ணீர் அங்கே இறங்கும். தோட்டா வடிவ ஃபியூஸ்களின் முனைகள் பச்சை பூக்கும். வைப்பர் நின்றது, விளக்கு அணைந்தது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஃபியூஸையும் விரலால் நான்கு சுற்றுச் சுற்றுவது. பாதி நோய் அதில் தீரும். ஒழுகல் தீராது.

வண்டியின் அடியில் பூசும் கறுப்பு அண்டர்கோட்டைத் துருவின் மேலேயே அடித்துக்கொண்டு வருகிறார்களே, அதைப் பற்றி என்ன சொல்ல! அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிறது, தகடு உள்ளிருந்து கரைகிறது. வெட்டி எடுங்கள், பழைய தகட்டின் தடிமனுக்குக் குறையாத புதுத் தகட்டை வெல்டிங் செய்யுங்கள், சில்லின் உள்ளே மெழுகு தெளியுங்கள், வடிகால் துளைகளை அடைக்காதீர்கள். ஃபைபரும் பள்ளம் நிரப்பும் பட்டியும் அழகுக்கு. சில்லில் அவற்றுக்கு வேலை இல்லை.

சீட் பெல்ட். வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வோல்வோ தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. அந்தப் பெருமையைப் பேசுகிறவர்களின் காரில் இருக்கும் பெல்ட் நாடா பஞ்சுபஞ்சாக இருக்கிறது! முழுதாக வெளியே இழுத்து ஓரங்களைப் பாருங்கள். வெளுத்திருந்தால், நூல் பிரிந்திருந்தால், விபத்தில் ஒருமுறை இழுபட்டிருந்தால் மாற்றுங்கள். நாடா புதிதாக இருந்தும் அது பிடித்திருக்கும் தகடு துருவென்றால் பயனில்லை. பிரிட்டனின் வருடாந்திரப் பரிசோதனை பெல்ட் பிடிமானத்தைச் சுற்றி 30 செ.மீ-க்குள் கட்டமைப்புத் துருவை ஏற்பதில்லை. நல்ல விதி, எங்கிருந்தாலும் பின்பற்றுங்கள். பிடிமான போல்ட் 7/16 அங்குல யு.என்.எஃப் (அங்குல அளவு நுண்மரை) மரை. கைக்குக் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றுபவர்களுக்கு என் வணக்கம்.

இப்போது அந்தக் கடைசி இருக்கை. அது நசுங்குவதற்கென்றே விடப்பட்ட பகுதியில் இருக்கிறது, குழந்தைகளுக்கு மட்டுமானது. டிக்கித் தரை முழுசாக இருக்க வேண்டும், பெல்ட்டும் தலைத்தாங்கியும் அதற்கே உரியவை இருக்க வேண்டும். இன்னொன்று, பலர் நினைத்தே பார்க்காதது: புகை. செங்குத்தான பின்பக்கம் கொண்ட வேகன் ஓடும்போது பின்கதவுக்கு அருகில் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சர் புகை அங்கே சுழன்று, கிழிந்த ரப்பர் வழியாகவும் டிக்கித் தரையின் ஓட்டைகள் வழியாகவும் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை. நீளமான சாமானை ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடி ஓட்டும் நாளில் அந்த இருக்கையில் ஒருவரும் வேண்டாம். தயவுசெய்து.

பிரேக். 1966-ல் 140 வரிசையோடு வந்த இரட்டைச் சுற்றில் (தனித்தனியான இரண்டு பிரேக் குழாய் வழிகள்) ஒவ்வொரு சுற்றும் முன் இரு சக்கரங்களையும் பின் ஒன்றையும் பிடிக்கும். ஒன்று போனாலும் வண்டி நிற்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதனாலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்தும் வாரக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பின் அச்சின் மேல் போகும் குழாய்களைத் துணியால் துடைத்துப் பாருங்கள், செதில் தெரிந்தால் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது முன் கேலிப்பரில் (பிரேக் கட்டைகளை அழுத்தும் பாகம்) ஒன்றுக்கு மேற்பட்ட காற்றுத் திருகு இருப்பதை மறக்காதீர்கள்.

எஞ்சினுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி21, பி23, பி230 ஆகிய எட்டு வால்வு எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், வால்வு வளையாது. இதைக் கேட்டுவிட்டு வோல்வோ 740-ன் பதினாறு வால்வு எஞ்சினிலும் அலட்சியமாக இருந்தால் வால்வு வளையும், ஹெட்டுக்குக் கணக்கு எழுதுங்கள். ஆயில் மூடியைத் திறந்து அதன் வாயில் ரப்பர் கையுறையை மாட்டி ஐடிலில் ஓடவிடுங்கள். கையுறை உள்ளே இழுபட வேண்டும். உப்பினால் ஃபிளேம் டிராப் (எஞ்சினின் மூச்சுக் குழாயில் இருக்கும் தீத்தடுப்பு) அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் ஆயில் சீல்களை மட்டும் மாற்றுவது வீண் செலவு. 1980 முதல் 1987 வரையிலான 240களில் எஞ்சின் வயரின் உறை தானாக உதிரும். டேப் சுற்றாதீர்கள், முழு வயரிங்கையும் மாற்றுங்கள்.

இன்னொரு ஸ்வீடன் நிறுவனமான சாபின் வேகன் சாப் 95 வைத்திருப்பவர்களும் இந்த வரிசையில் வாருங்கள். 1959-ல் வந்ததிலிருந்தே அதில் பின்னோக்கிய இருக்கை உண்டு. கூடவே ஃப்ரீவீல் என்று ஒன்று. அது இயங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது தேவைப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் ஃபோர்டின் வி4 எஞ்சின் வந்த பிறகும் அது வண்டியில் தொடர்ந்தது. வி4 வண்டியில் மலையிறக்கம் வருமுன் ஃப்ரீவீலை அதன் கைப்பிடியால் பூட்டுங்கள், மொத்தப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் போடாதீர்கள். பிள்ளைகள் பின்னால் இருந்தால் இறக்கம் தொடங்கும் முன்பே பூட்டுங்கள்.