எடை முழுவதும் ஒரு பாதத்தில்

சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைகளில் முதலில் மூக்கில் ஏறுவது குங்கிலிய வாசனைதான். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிச் சேர்த்த கலவை விரலுக்கு இளகிக் கொடுக்கும், விட்டால் இறுகிக்கொள்ளும். நான் போனபோது ஸ்தபதி ஒருவர் தென்னை ஓலை நறுக்கு ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துத் தடம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் ஸ்கேல் இல்லை. முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, தொடை எவ்வளவு என்பதை அந்த ஓலையின் மடிப்புகளே சொல்லிவிடும். ஒடியோலை என்பார்கள். சிவனுக்குரிய உத்தம தசதாலம் என்னும் சிற்ப அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலத்தை இஞ்ச் என்று நினைத்துவிடக் கூடாது. சிலை எந்த உயரமானாலும் அதை 124 கூறாகப் பகுத்தால் வரும் ஒரு கூறுதான் அங்குலம். அதனால் உள்ளங்கையில் அடங்கும் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே.

அவர் மடித்துக்கொண்டிருந்தது நடராசருக்கான ஓலை. நடராசரைப் பற்றி எழுதுபவர்கள் தத்துவத்தை ஒரு கட்டுரையாகவும் வார்ப்பை வேறொரு கட்டுரையாகவும் பிரித்துவிடுகிறார்கள். பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படிப் பிரிக்க மனம் வரவில்லை.

கல்லிலிருந்து தொடங்குவோம். பாதாமியின் முதல் குகையில் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆடும் சிவன் இருக்கிறார். பதினெட்டுக் கைகள் விசிறிபோல் விரிந்திருக்கின்றன. ஆனால் அத்தனை கைகளும் பின்னாலுள்ள பாறையோடு ஒட்டியவை. கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலு மிக அதிகம், இழுவிசையைத் தாங்கும் வலு மிகக் குறைவு. நீட்டிய கையின் மேற்பகுதியை அந்தக் கையின் எடையே இழுத்துக்கொண்டிருக்கும்; கல் அங்கேதான் விரிசல் விடும். வெண்கலம் அப்படி விடாது. சுவரின் துணையில்லாமல் நான்கு கைகளையும் வெளியே வீசி, ஒரு காலையும் தூக்கி நிற்க உலோகத்தால்தான் முடியும். அப்பர் 7ஆம் நூற்றாண்டிலேயே தில்லைக் கூத்தனின் ‘இனித்தமுடைய எடுத்த பொற்பாதம்’ கண்டு உருகிவிட்டார். திருவாசி என்னும் சுடர் வளையம் சூழ நிற்கும் நடராசர் செப்புத் திருமேனிகள் சோழ நாட்டில் பெருகியதோ 10ஆம் நூற்றாண்டு முதல்தான்.

இனி எடை. மீட்டர் உயரமுள்ள சோழர் கால நடராசரின் எடை நூறு கிலோவைத் தாண்டும். உற்சவத் திருமேனி கனவார்ப்பாக இருக்க வேண்டும், உள்ளே பொள்ளல் கூடாது. இடக்காலும் முன் இடக்கையும் உடலைக் குறுக்கே கடந்து வலப்புறம் வீசப்பட்டிருக்கின்றன. அதை இடுப்பின் ஒசிவும் பின்கைகளின் விரிப்பும் ஈடுகட்டி, மொத்த எடையின் ஈர்ப்பு மையத்தைப் பீடத்தின் எல்லைக்குள் இறக்குகின்றன. அத்தனை எடையும் போய்ச் சேரும் ஒரே வாசல் ஊன்றிய வலப்பாதம். அதன் கீழே, ஆணவத்தின் உருவான குள்ளன் முயலகன்.

ஆட்டத்தின் பொருளை 13ஆம் நூற்றாண்டு சைவ சித்தாந்த நூலான உண்மை விளக்கம் ஒரே வெண்பாவில் சொல்லிவிடுகிறது. உடுக்கையில் படைத்தல், அஞ்சேல் என்று அமைந்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், எடுத்த பாதத்தில் அருளல். முதல் மூன்றும் எல்லோரும் அறிந்தவை. என்னைப் பிடித்து நிறுத்துபவை கடைசி இரண்டும்தான். உயிர் பக்குவப்படும் வரை மெய்ப்பொருளை அதன் கண்ணுக்கு மறைத்து, உலக அனுபவங்களில் உழல விடுவது மறைத்தல். நாம் வாழ்நாள் முழுக்கக் கிடந்து அல்லாடுவது இந்தத் தொழிலுக்குள்தான். சிலையின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த மறைத்தலின் பாதம். அருளும் பாதமோ எதையும் தாங்காமல் அந்தரத்தில் நிற்கிறது. முன் இடக்கை அதைச் சுட்டிக்காட்டியபடி தொங்குகிறது.

முயலகனையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நசுங்கிச் செத்தவன் போல் அவனைச் செய்வதில்லை. பல சிலைகளில் தலையைத் தூக்கி விழித்துக்கொண்டிருப்பான். ஆணவம் அநாதியானது, அதற்கு அழிவில்லை, அதன் வலிமையைத்தான் அடக்க முடியும் என்பது சித்தாந்தம். பீடத்துக்கும் பாதத்துக்கும் நடுவே கிடந்து பாரம் சுமக்க அவன் இருந்தாக வேண்டும்.

திருவாசிக்கும் இதே போல் இரட்டை வேலை. சுடர் விடும் அந்த வளையத்தைப் பிரபஞ்சம் என்றும் ஓங்காரம் என்றும் சொல்வார்கள். பல திருமேனிகளில் பறக்கும் சடையின் நுனிகள் அதைத் தொட்டு நிற்கின்றன. சிலவற்றில் இடைக்கச்சின் பறக்கும் முனையும் தொடுகிறது. ஆட்டத்தின் வேகத்தைக் காட்டும் சடை, அந்த இடங்களில் சிலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் கம்பியாகவும் ஆகிறது. தோளில் சுமந்து வீதி வலம் வரும்போது சிலை குலுங்கும். பீடத்தில் கம்பு செருகத் துளைகள் இருப்பது அதற்காகத்தானே! சிதம்பரத்தில் மூலவரே ஆனியிலும் மார்கழியிலும் தேரேறி வருகிறார்.

மெழுகு உரு முடிந்ததும் அதை நிறுத்துப் பார்ப்பார்கள். வெண்கலம் மெழுகைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு அடர்த்தியானது. மெழுகு பத்துக் கிலோ என்றால் உலோகம் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாமல் உருக்க வேண்டும், வழிந்து வீணாவதற்குத் தனியாகக் கூட்டிக்கொள்வார்கள். பிறகு மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசுவார்கள். பட்டுப் போன்ற முதல் பூச்சுத்தான் முகத்தின் புன்னகை வரை அச்சில் ஏற்றிக்கொள்ளும். அடுத்தடுத்த பூச்சுகளில் மணல் சேரும், கனம் கூடும், வெளியே இரும்புக் கம்பி கட்டப்படும். வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிட, மண்ணுக்குள் மிஞ்சுவது நடராசர் வடிவிலான வெற்றிடம்.

தூய செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் சேர்ந்தால் அது இறங்கும். சோழர் வெண்கலங்கள் பலவற்றில் காரீயமும் கணிசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரீயம் செம்பில் கரையாமல் சிறு திவலைகளாகத் தங்கி, உலோகக் குழம்பு தடையின்றி ஓட உதவுகிறது. சடை நுனிக்கும் விரல் நுனிக்கும் குழம்பு போய்ச் சேர இந்த ஓட்டம் வேண்டும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால், இம்முறையில் வார்த்த ஒரு நடராசரைப் போல் இன்னொரு நடராசர் இல்லை. 2023இல் தில்லியில் நிறுவப்பட்ட 27 அடி நடராசரையும் சுவாமிமலை ஸ்தபதிகள் இந்த மெழுகு வழியில்தான் வார்த்தார்கள்.

நான் கிளம்பும் நேரத்தில் வேறொரு நடராசரின் மெழுகு உருவுக்கு எடுத்த பாதத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சுட்ட கத்தியால் கணுக்கால் மூட்டை இழைத்துவிட்டு, பாதம் தொங்கிப் போகாதிருக்க அடியில் ஒரு மெழுகுக் குச்சியை முட்டுக் கொடுத்தார் ஸ்தபதி. நாளை உலோகம் அந்தக் குச்சியின் வழியாகவும் பாயும் என்றார். வார்த்து ஆறியதும் அதை உளியால் வெட்டி, அரத்தால் ராவி, தடம் தெரியாமல் எடுத்துவிடுவார்களாம்.